சுரங்கம் மூடியாச்சு, ஓடை ஏன் இன்னும் செம்மஞ்சள்?

கொக்குவிலில் இருந்து வாசகர் ஒருவர் படம் ஒன்று அனுப்பியிருந்தார். கொலராடோவில் இருக்கும் அவருடைய மகள் சில்வர்ட்டன் என்ற பழைய சுரங்க நகரத்துக்குப் போய் எடுத்தது. பனி படிந்த சிகரங்கள், நிறம் பூசிய மர வீடுகள், ஊரோரத்தில் செம்மஞ்சளாக ஓடும் ஒரு ஓடை. "அங்கை சாயப் பட்டறை ஏதும் இருக்கோ?" என்று கேட்டிருக்கிறார்.

பட்டறை எதுவும் இல்லை. ஊரின் கதையும் சின்னதுதான். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,800 மீற்றர் உயரம். 1882இல் டுராங்கோவிலிருந்து குறுகிய பாதை ரயில் ஏறி வந்தது, வெள்ளித் தாது இறங்கிப் போனது. 1893இல் அமெரிக்க அரசு வெள்ளி வாங்குவதை நிறுத்தியதும் விலை சரிந்து, சுற்றியிருந்த பல ஊர்கள் வெறிச்சோடின. சில்வர்ட்டன் தங்கம், ஈயம், நாகம் (துத்தநாகம்) என்று தோண்டிப் பிழைத்துக்கொண்டது. கடைசிப் பெரிய சுரங்கம் 1991இல் மூடப்பட்டது. தாது ஏற்றிய தண்டவாளத்தில் இப்போது சுற்றுலாப் பயணிகள்.

சரி, நிறத்துக்கு வருவோம். அந்த மலைகளில் வெள்ளியோடும் தங்கத்தோடும் பைரைட்டு கலந்திருக்கிறது. இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். பாறைக்குள் காற்றுப் படாமல் கிடக்கும்வரை அதனால் தொல்லை இல்லை. சுரங்கம் வெட்டினால் காற்றும் நீரும் உள்ளே போகும், உடைத்த கல்லின் மேற்பரப்பும் பல மடங்காகும். பைரைட்டு ஒட்சியேறும், அதாவது ஒட்சிசனோடு தாக்கமடையும்; சல்பூரிக் அமிலமும் கரைந்த இரும்பும் கசியும். இது சாதாரண தர வகுப்பு இரசாயனம். (சுரங்கக்காரர்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. பக்கத்து ரெட் மவுண்டன் சிகரங்கள் கடப்பாரை படுவதற்கு முன்பே சிவப்புத்தான்.)

எனக்குப் பிடித்த இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. முதலில் கரைவது இரண்டு நேரேற்றம் கொண்ட இரும்பு. அது ஓர் இலத்திரனை இழந்தால் மூன்று நேரேற்ற இரும்பாகும். துருவின் நிறம் இதனுடையது. வன்னியில் சில குழாய்க்கிணறுகளில் இறைக்கும்போது தெளிவாக வரும் நீர், வாளியில் கொஞ்ச நேரம் நின்றதும் மஞ்சளாவதைப் பார்த்திருப்பீர்கள். அதே மாற்றம். ஆனால் அது நடுநிலையான நீர். பீஎச் என்பது அமிலத்தை அளக்கும் எண், குறையக் குறைய அமிலம் கடுமை. பீஎச் 3 அளவுக்கு அமிலமான நீரில் இந்த மாற்றம் பாதி நடக்கவே ஆண்டுக்கணக்காகும். அப்படியானால் பைரைட்டு தன் அமிலத்தாலேயே தன் வேகத்தை அடக்கிக்கொள்ள வேண்டும். மலையும் அடங்கிப் போயிருக்க வேண்டும்.

அடங்கவிடாதது ஒரு பற்றீரியா. அசிடிதயோபசிலஸ் ஃபெரோஒக்சிடன்ஸ் என்று பெயர். 1947இல் நிலக்கரிச் சுரங்க நீரில் முதன்முதலாக இதை அடையாளம் கண்டார்கள். இதற்கு வெளிச்சம் வேண்டாம், சாப்பாடும் வேண்டாம். இரும்பிலிருந்து இலத்திரனைப் பிடுங்கி ஒட்சிசனுக்குக் கொடுத்து, அதில் கிடைக்கும் அற்பச் சக்தியில் சீவிக்கிறது. காபனைக் காற்றின் காபனீரொட்சைட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறது. சக்தி அற்பம் என்பதால் ஏராளமான இரும்பை மாற்றியாக வேண்டும். அமில நீரில் ஆண்டுக்கணக்காகும் வேலையை இது சுமார் பத்து இலட்சம் மடங்கு வேகமாக முடிக்கிறது.

அப்படிப் பிறக்கும் மூன்று நேரேற்ற இரும்பு சும்மா இருப்பதில்லை, பைரைட்டையே போய்த் தாக்குகிறது. ஒட்சிசனைவிட வேகமாக. கணக்கைப் பாருங்கள்: ஒரு பங்கு பைரைட்டைக் கரைக்க மூன்று நேரேற்ற இரும்பு 14 பங்கு செலவாகிறது. திரும்பி வருவது இரண்டு நேரேற்ற இரும்பு 15 பங்கு, கூடவே 16 பங்கு ஐதரசன் அயன், அதாவது அமிலம். அந்தப் பதினைந்தையும் பற்றீரியா மறுபடி மாற்றித் தருகிறது. வட்டியை முதலோடு சேர்த்துத் திரும்பக் கடன் கொடுக்கிற மாதிரி. கலிபோர்னியாவின் அயர்ன் மவுண்டன் சுரங்கத்துக்குள் பீஎச் −3.6 அளந்திருக்கிறார்கள். 0 முதல் 14 வரை என்று மட்டும் சொல்லித்தரும் ஆசிரியர்கள் கவனிக்க.

கடும் அமிலத்தில் இரும்பு கரைந்தே இருக்கும். வெளியே வந்து நல்ல ஓடைநீரோடு கலந்து அமிலம் குறையும்போதுதான் துருவாகிப் படியும். அதனால் இரு நீரும் கலக்கும் இடத்தில் நிறம் தூக்கலாகத் தெரியும். 2015 ஓகஸ்ட் 5ஆம் திகதி, சில்வர்ட்டனுக்கு மேலே மலையில் இருக்கும் கோல்ட் கிங் என்ற பழைய சுரங்க வாயிலில் அமெரிக்க அரசின் சுற்றாடல் முகவரகம் நடத்திய வேலையின்போது அடைப்பு உடைந்து, சுமார் 1 கோடி 10 இலட்சம் லீற்றர் நீர் பாய்ந்தது. சில்வர்ட்டன் வழியாக ஓடும் அனிமாஸ் ஆறு நீளத்துக்குச் செம்மஞ்சளானது.

பொலிவியாவின் பொட்டோசியில் சுரங்கத் தொழிலாளர் பாதாளத் தெய்வமான தியோவுக்குக் கோக்கா இலையும் மதுவும் படைப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். அந்தப் பொந்துக்குள் இறங்குகிறவருக்கு ஏதோ ஒரு துணை வேண்டும். எனக்குக் கோபம் வருவது கோட்டுப் போட்ட மூடநம்பிக்கை மீதுதான்: வாயிலை மூடிவிட்டால் சுரங்கம் முடிந்தது என்று எழுதிக் கையொப்பம் வைப்பது. இலாபத்தில் சிறு பங்கையாவது அன்றே இந்தப் பற்றீரியா ஆய்வுக்கு ஒதுக்கியிருக்கலாம்.

நம்மூரில் இப்படி நடக்குமா என்றும் வாசகர் கேட்டிருக்கிறார். யாழ்ப்பாணத்தின் அடித்தளம் சுண்ணக்கல், அதாவது கல்சியம் காபனேற்று. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். அமிலம் பட்டால் சுண்ணக்கல் கரைந்து அமிலத்தைத் தின்றுவிடும். காங்கேசன்துறையில் சீமெந்துக்காகத் தோண்டிய பள்ளங்களில் வேறு கவலைகள் உண்டு, செம்மஞ்சள் ஓடை இல்லை.

சுரங்க நீருக்கு மருந்தும் இதே கல்தான். ஆனால் காற்றோட்டமாகக் கொட்டினால் கல்லின் மேல் துரு கவசம்போல் மூடி, வேலை நின்றுவிடும். அதனால் சில இடங்களில் சுண்ணக்கல்லை வாய்க்காலில் நிரப்பி, மேலே களிமண் மூடி, ஒட்சிசன் புகாமல் நீரை அதனூடாக விடுகிறார்கள். துரு பிறகு வெளியே குளத்தில் படிகிறது. கோல்ட் கிங் நீருக்கு 2015 ஒக்டோபரில் சுண்ணாம்பு கலக்கும் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றைக் கட்டினார்கள். செலவு பொதுப் பணம். அதில் சேரும் செஞ்சேற்றைக் கொட்டவும் மலையில் இடம் தேட வேண்டியிருக்கிறது.