காலி பிக்கப் ஏன் தூக்கித் தூக்கிப் போடுகிறது?

1953 முதல் 1956 வரை வந்த ஃபோர்டு எஃப்-100 பிக்கப்பைப் பார்த்தால் ஆசையாக இருக்கும். ஓட்டினால் இடுப்பு கழன்றுவிடும். முன்னும் பின்னும் முழு அச்சு, அதன்மேல் லீஃப் ஸ்பிரிங், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வளைந்த இரும்புத் தகடுகள். நம்மூர் லாரிப் பட்டறையில் சொல்வதானால் 'பட்டை'. அமெரிக்காவில் இந்த வண்டியை வீட்டுக் கொட்டகையிலேயே பிரித்து மேய்பவர்கள் உண்டு. அவசரப்பட்டு, ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பரை மட்டும் மாற்றினால் காசுதான் வீண்.

முதலில் பின் பம்பரில் ஏறி நின்று அமுக்கிப் பாருங்கள். அசையவே இல்லையா? அப்போது கோளாறு பட்டைக்குள் இருக்கிறது.

பட்டை பாரத்துக்காகச் செய்தது, வண்டி காலியாக இருந்தால் கொஞ்சம்தான் அமுங்கும். நிற்கும் வண்டியின் எடையில் ஸ்பிரிங் 25 செ.மீ. அமுங்கினால், பள்ளத்தில் இறங்கியதும் வண்டி நொடிக்கு ஒரு முறை தொட்டில் மாதிரி ஆடும். 5 செ.மீ.தான் அமுங்குகிறது என்றால் இரண்டு முறைக்கு மேல். உடம்புக்கு ஒன்று, ஒன்றரைதான் சுகம். ஒரே தடிமனுள்ள எட்டுப் பட்டைகளில் ஒன்றை எடுத்தால் விறைப்பு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறையும். சுமக்கும் திறனும் கூடவே போகும்.

ஆனால் என் கணக்கில் பெரிய எதிரி துரு. வளையும்போது பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க வேண்டும். துருப்பிடித்தால் அந்த உராய்வைத் தாண்டும்வரை அடுக்கு முழுவதும் ஒரே இரும்புக் கட்டையாக நிற்கும். சின்னக் கல்லுக்கெல்லாம் டயர் மட்டுமே வளைந்து கொடுக்கும். பிரித்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பெயின்ட் அடித்து, நுனிகளுக்கு நடுவே வழுக்கும் பிளாஸ்டிக் துண்டு வைத்தாலே பாதி வலி போய்விடும். அடுக்கைச் சேர்த்துப் பிடிக்கும் நடு போல்ட்டைக் கழற்றும் முன் இருபுறமும் கிளாம்ப் போட மறக்காதீர்கள். அடுக்கு விசையோடு விரியும். வண்டியை ஜாக்கை மட்டும் நம்பி நிறுத்தாமல், சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்டு கொடுங்கள். பட்டையை அச்சோடு பிடிக்கும் பழைய யூ-போல்ட்டுகளின் மரை இழுபட்டிருக்கும், புதிதாகவே போடுங்கள்.

இப்போதுதான் ஷாக் அப்சார்பருக்கு வேலை. அதுவரை ஆட்டத்தை அடக்கியது பட்டைகளின் உராய்வு. அதற்கு மெதுவும் வேகமும் ஒன்றுதான். ஷாக்குக்குள் இருக்கும் எண்ணெயோ சிறு துளை வழியே போவதால், ஆட்டம் வேகமானால் எதிர்ப்பும் கூடும். மறுபடி பம்பரில் ஏறி அமுக்கி விடுங்கள். ஒரு முறை மேலே வந்து அடங்கினால் சரி. மூன்று நான்கு முறை ஆடிக்கொண்டே இருந்தால் ஷாக் போதவில்லை.