போக்சோ (குழந்தைங்க மேல நடக்குற பாலியல் குத்தத்துக்கான சட்டம்) புகார் கொடுக்கப் போறீங்களா, இத படிச்சுட்டு போங்க

ஸ்டேஷன்ல முதல்ல கேக்குறதே "ஆதாரம் இருக்கா"ன்னுதான். ஆதாரம் தேடுறது அவங்க வேல, உங்க வேல இல்ல. 2012 போக்சோ சட்டம் 19வது பிரிவுப்படி, நடந்துடும்னு பயம் இருந்தாலே யாரு வேணா சொல்லலாம், நல்லெண்ணத்துல சொன்னவங்க மேல கேஸ் வராது. தெரிஞ்சும் மறைச்சாதான் 6 மாசம் வரைக்கும் ஜெயில், தன் கீழ வேல பாக்குறவன் செஞ்சத ஸ்கூல் நிர்வாகம் மூடி மறைச்சா 1 வருஷம் வரைக்கும்.

அடுத்தது எல்லை. 2019ல வேலூர மூணு மாவட்டமா பிரிச்சதுல போலீசுக்கு நல்ல சாக்கு கெடச்சுது, வீடு காட்பாடி, நடந்த இடம் வாலாஜான்னா "அது ராணிப்பேட்டை கேஸும்மா, அங்க போங்க"ன்னுடுவாங்க. போகாதீங்க. எங்க நடந்திருந்தாலும் நீங்க போன ஸ்டேஷன்லயே ஜீரோ எஃப்.ஐ.ஆர். (எல்லை பாக்காம போடுற எஃப்.ஐ.ஆர்.) போடணும், காப்பி ஃப்ரீயா தரணும். சி.எஸ்.ஆர். தாள (புகார் வாங்கினதுக்கான வெறும் ரசீது) கையில குடுத்து அனுப்புனா அதோட வந்துடாதீங்க, எஃப்.ஐ.ஆர். போட மறுத்தா எஸ்.பி.க்கு எழுத்துல தபால்ல அனுப்புங்க.

எஃப்.ஐ.ஆர். வரட்டும்னு குழந்தையோட மெடிக்கல் டெஸ்ட்ட தள்ளிப் போடாதீங்க. வேலூர் அடுக்கம்பாறை ஜி.ஹெச்.சோ தனியாரோ, போலீஸ் லெட்டர் இல்லாமலே பாக்கணும், ஃப்ரீயா பாக்கணும், பொண்ணுன்னா லேடி டாக்டர்தான். அதுக்கு முன்னாடி குளிப்பாட்டாதீங்க, போட்டிருந்த துணிய துவைக்காம பேப்பர் கவர்ல வச்சு எடுத்துட்டுப் போங்க.

வாக்குமூலம் வாங்க குழந்தைய ஸ்டேஷனுக்கு இழுக்கவே கூடாது, வீட்டுலயோ குழந்தை சொல்ற இடத்துலயோ, முடிஞ்ச வரைக்கும் லேடி எஸ்.ஐ., அதுவும் யூனிஃபார்ம் இல்லாம. நைட்டு ஸ்டேஷன்ல வைக்கவும் கூடாது. ஆனா இதுல நம்ம வீட்டு ஆளுங்களும் கெடுக்குறாங்க, அத்த ஒரு தடவ, சித்தப்பா ஒரு தடவன்னு அதே கேள்விய கேட்டு கேட்டு குழந்தை மாத்தி சொல்ற வரைக்கும் விடமாட்டாங்க, அப்புறம் அத எதிர் வக்கீல் கோர்ட்டுல கெட்டியா பிடிச்சுக்குவாரு. குழந்தை முதல்ல சொன்னத சொன்ன வார்த்தையிலயே தேதி போட்டு எழுதி வைங்க, போதும்.

"பொண்ணு பேரு கெட்டுடும், பேசி முடிச்சுக்கலாம்"னு ஊர் பெரிய மனுசங்க வருவாங்க. போக்சோல ராஜிக்கு இடமே இல்ல. பேரு வெளிய விட்டாதான் குத்தம், 23வது பிரிவு.

அடி, பட்டினின்னு வேற கொடுமைன்னா குழந்தைகள் ஹெல்ப்லைன் 1098க்கு அடிங்க, சிறார் நீதிச் சட்டம் 75வது பிரிவு இருக்கு. போக்சோ புகாருன்னா போலீஸ் 24 மணி நேரத்துல குழந்தைகள் நலக் குழுவுக்கு சொல்லியாகணும், சொன்னாங்களான்னு நீங்களே போய் கேளுங்க. கேஸ் முடியற வரைக்கும் கூட வர்றதுக்கு சப்போர்ட் பர்சன் போடச் சொல்லி அந்தக் குழுவுக்கு மனு குடுங்க, பஸ் சார்ஜ், சாப்பாட்டுக்கு உடனடி உதவியையும் அதுலயே எழுதுங்க. தீர்ப்பு வரைக்கும் காத்திருக்க வேணாம், எஃப்.ஐ.ஆர். போட்டாச்சுன்னா ஸ்பெஷல் கோர்ட்டுல இடைக்கால நிவாரணமும் கேக்கலாம்.