பிளாக்: ஒரு மரக்கட்டையின் கதை

வாட்ஸாப்பில் ஒருவரைத் தடுத்து வைத்தால் அது பிளாக். தியேட்டர் வாசலில் கூடுதல் விலைக்கு விற்கும் டிக்கெட்டும் பிளாக். ஊராட்சி ஒன்றியத்தையும் பிளாக் என்றுதான் சொல்கிறோம். கடைக்கு வெப்சைட் போட்டுத் தருகிறவர் வந்து, "மாசம் நாலு பிளாக் எழுதுங்க சார், கூகுள்ல மேல வந்துடுவீங்க" என்கிறாரே, அது நான்காவது பிளாக்: இணையத்தில் தேதி போட்டு எழுதிச் சேர்க்கும் பக்கம். தமிழ் எழுத்தில் நான்குக்கும் ஒரே முகம். அந்த நான்காவதற்கு உரிய தமிழ்ச்சொல் எது என்று பார்க்க, முதலில் கடலுக்குப் போக வேண்டும்.

ஆங்கிலத்தில் 'லாக்' என்றால் வெட்டிய மரக்கட்டை. பாய்மரக் கப்பல் காலத்தில் வேகம் பார்க்க இந்தக் கட்டைதான் கருவி. கால்வட்ட வடிவில் ஒரு பலகை, தண்ணீரில் நிமிர்ந்து நிற்க அதன் விளிம்பில் கொஞ்சம் ஈயம், பலகையில் கட்டிய நீளமான கயிறு. கயிற்றில் ஏறக்குறைய 47 அடிக்கு ஒரு முடிச்சு. பலகையைக் கப்பலின் பின்புறம் கடலில் போடுவார்கள். அது போட்ட இடத்திலேயே மிதந்து நிற்க, கப்பல் முன்னே போகும், கயிறு ஓடும். 28 விநாடி மணல்கடிகாரம் தீர்வதற்குள் எத்தனை முடிச்சு கை வழியே போயிற்றோ, அதுவே வேகம். கப்பல் வேகத்தை இன்றும் 'நாட்' கணக்கில் சொல்வது அந்த முடிச்சால்தான்.

கட்டையைப் போட்டுப் பார்த்த கணக்கை எழுதிய புத்தகம் 'லாக் புக்' ஆனது. அப்புறம் காற்றின் திசை, கண்ணில் பட்ட கரை, காய்ச்சலில் கிடந்த மாலுமி என்று எல்லாமே அதில் ஏறின. நம் ஊர் அரசு ஜீப்பில் கிடக்கும் லாக் புக்கும் அதன் வாரிசுதான். தேதி, நடந்தது, அளவு: இந்த மூன்றும் இருந்தால்தான் அது லாக். அளவில் பொய் எழுதினால் மோசம் போவது எழுதியவர் ஏறியிருக்கும் கப்பலே.

இணையத்துக்கு இந்தச் சொல் வந்தது 1997 டிசம்பரில். ஜோர்ன் பார்ஜர் என்ற அமெரிக்கர், இணையத்தில் தான் படித்ததையெல்லாம் நாள்வாரியாகக் குறித்து வைத்த தன் பக்கத்தை 'வெப்லாக்' என்றார். 1999இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் என்பவர் விளையாட்டாக அதை வேறு இடத்தில் உடைத்து 'வீ பிளாக்', அதாவது 'நாங்கள் பிளாக் எழுதுகிறோம்' என்று எழுதினார். முன்பாதி உதிர்ந்து 'பிளாக்' நின்றுவிட்டது. அதே ஆண்டு 'பிளாகர்' சேவை வந்தது, 2003இல் கூகுள் அதை வாங்கியது.

தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் ஊன்றின: வலைப்பூ, வலைப்பதிவு. வலைப்பூ காதுக்கு இனிமைதான், ஆனால் அதில் தேதியும் இல்லை, கணக்கும் இல்லை. என் ஓட்டு வலைப்பதிவுக்கு. பத்திரப்பதிவும் வருகைப்பதிவும் ஏற்கெனவே பழகிய சொற்கள். அதோடு 'பதி' என்ற வேருக்கு இன்னொரு வாசனையும் உண்டு. ஈர மண்ணில் கால் பதிகிறது. மல்லிகைக் கொடியை வளைத்து மண்ணில் புதைத்து வேர்விட வைப்பதைப் பதியம் போடுவது என்கிறோம். ஆங்கிலக் கட்டைக்கு இந்தப் பொருள் கிடையாது. இன்னொன்று: வலைப்பதிவு என்பது முழுத்தளம், அதில் ஏற்றும் ஒவ்வொன்றும் இடுகை. இந்தக் கணக்கில் வெப்சைட்காரர் கேட்பது நாலு இடுகை.

வியாபாரி நாள்குறிப்பு எழுதுவதும் நமக்குப் புதிதில்லை. புதுச்சேரியில் வணிகராகவும் பிரெஞ்சுக்காரர்களின் துபாஷாகவும் (மொழிபெயர்ப்பாளர்) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதி வைத்தார். கப்பல் வந்தது, சரக்கு போனது, யார் என்ன சொன்னார்கள் என்று இருபத்தைந்து வருடக் குறிப்பு. தன்னைவிடத் தரமான வணிகர் ஊரிலேயே இல்லை என்று தினமும் எழுதியிருந்தால் அதை இன்று யார் புரட்டுவார்கள்?

கடைகளின் வலைப்பதிவு பெரும்பாலும் சறுக்குவது அங்கேதான். ஒரு மரச்செக்குக்காரர் என்று வைத்துக்கொள்வோம். "இன்றைய அவசர உலகில் ஆரோக்கியம் மிக முக்கியம்" என்று தொடங்குவார். அது நோட்டீஸ். அதே மனிதர், "இந்த வாரம் வந்த எள்ளில் ஈரம் இருந்தது. இரண்டு நாள் வெயிலில் போட்டுத்தான் ஆட்டினோம், அதனால் நல்லெண்ணெய் சனிக்கிழமைதான் கிடைக்கும்" என்று எழுதினால் அது பதிவு. கல்லாவில் நிற்கும்போது காதில் விழும் கேள்விகளே அடுத்தடுத்த இடுகைகள். புட்டியின் அடியில் கசடு ஏன் நிற்கிறது? கருப்பட்டி எதற்குப் போடுகிறீர்கள்? ஏன் இந்த விலை? கடைசிக் கேள்விக்குத்தான் பலரும் வாயைத் திறப்பதில்லை. ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ எள் வேண்டும். எள் விலை இது, ஆட்டுகூலி இது, பிண்ணாக்கு விற்று வருவது இது என்று போட்டுக் காட்டினால் அதற்கப்புறம் பேரம் பேசுகிறவரும் கொஞ்சம் யோசிப்பார்.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் நீச்சல்குளம் கட்டித் தரும் ரிவர் பூல்ஸ் என்ற சிறு நிறுவனம் செய்ததும் இதையே. 2008 பொருளாதாரச் சரிவில் அது மூடும் நிலைக்கு வந்தது. பங்குதாரர்களில் ஒருவரான மார்கஸ் ஷெரிடன், வாடிக்கையாளர்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் உட்கார்ந்து பதில் எழுதினார். குளத்துக்கு எவ்வளவு செலவாகும், கண்ணாடியிழைக் குளத்தில் என்ன குறை என்பதையும் விடவில்லை. தேடி வந்தவர்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள், நிறுவனம் பிழைத்தது.

சரி, வெப்சைட்டின் மேல்பட்டையில் என்ன பெயர் போடுவது? அகராதிக்கும் கட்டுரைக்கும் வலைப்பதிவு. செக்கு எண்ணெய்க் கடை என்றால் நான் 'கடைக் குறிப்பேடு' என்று போடுவேன். எண்ணெய் வாங்க வருகிற அத்தைக்கும் அது என்னவென்று விளக்க வேண்டியிருக்காது.