வெளியே தூவினால் போதாது, உள்ளேயே சுரக்க வேண்டும்

சீஸ் தயாரிப்பில் காலங்காலமாக உழைத்துவரும் லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் பாக்டீரியாவுக்கு, பெல்ஜியத்தின் கென்ட் நகர விஞ்ஞானிகள் புது வேலை ஒன்றைக் கொடுத்தார்கள். குடல் அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூகின்-10 புரதத்தைக் குடலுக்குள்ளேயே சுரக்கும்படி அதன் மரபணுவை மாற்றினார்கள். எலிகளுக்கு நல்ல குணம் தெரிந்தது. ஆனால் மனிதர்களுக்கு மருந்தாகத் தர வேண்டுமானால் அதை உறையவைத்து உலர்த்திப் பொடியாக்க வேண்டும். அந்த உலர்த்தலை இந்தப் பாக்டீரியா தாங்குவதில்லை. பிழைப்பவற்றுக்கும் இரைப்பை அமிலம், பித்தநீர் என்று அடுத்தடுத்துக் கண்டங்கள்.

உலர்ந்தால் செல் ஏன் சாகிறது? செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு கொழுப்பு மூலக்கூறுகளால் ஆனது. அவற்றின் தலைகளுக்கு நடுவே நீர் மூலக்கூறுகள் புகுந்து இடைவெளியைக் காக்கின்றன. நீர் போய்விட்டால் கொழுப்புகள் நெருங்கி இறுகிவிடும். மறுபடி ஈரம் பட்டு இளகும் நேரத்தில் சவ்வு கசிந்து, உள்ளே இருப்பது வெளியே போய்விடும்.

டிரெஹலோஸ் என்ற சர்க்கரை, போன நீரின் இடத்தில் நின்றுகொள்கிறது. அதோடு, படிகமாகாமல் கண்ணாடிபோல் கெட்டியாகி, புரதங்களை உருக்குலையாமல் பிடித்துவைக்கிறது. இரண்டு குளுக்கோஸ்கள் தங்கள் வினைபுரியும் முனைகளாலேயே பிணைந்தது இது. ஆகவே தனிக் குளுக்கோஸைப் போலப் புரதத்தோடு ஒட்டி அதைக் கெடுக்காது.

ஈ.கோலை பாக்டீரியா, உப்பு மிகுந்தாலோ பட்டினி நேர்ந்தாலோ இந்தச் சர்க்கரையைத் தானே தயாரிக்கும். அதற்கு இரண்டு நொதிகள் போதும். ஒன்று, இரு குளுக்கோஸ்களை இணைக்கும். அப்போது ஒரு பாஸ்பேட் கூடவே ஒட்டியிருக்கும். மற்றது அந்தப் பாஸ்பேட்டை வெட்டியெடுக்கும். அந்த நொதிகளுக்கான மரபணுக்களைக் கென்ட் குழுவினர் லாக்டோகாக்கஸுக்கு மாற்றினார்கள். நைசின் என்ற பொருளைச் சேர்த்தால் மட்டும் அவை இயங்கும்படி வைத்தார்கள்.

2006இல் வெளியான முடிவு அசத்தலானது. டிரெஹலோஸ் சேர்ந்த செல்களில் ஏறக்குறைய எல்லாமே உலர்த்தலுக்குப் பிறகும் உயிரோடிருந்தன. பித்தநீரையும் தாங்கின; மனித இரைப்பை நீரிலும் முன்பைவிட அதிகமாகப் பிழைத்தன. இன்டர்லூகின் சுரப்பும் குறையவில்லை. இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: அதே சர்க்கரையை வெளியிலிருந்து கலந்து பார்த்தபோது இந்தப் பலன்களில் எதுவுமே கிடைக்கவில்லை. சவ்வின் உட்புறத்திலும் சர்க்கரை இருந்தாக வேண்டும். மரபணுவில் கைவைத்த சிரமம் அதற்காகத்தான்.

இப்படிக் கெட்டிப்பட்ட பாக்டீரியா உடலைவிட்டு வெளியேறி மண்ணில் பெருகினால் என்ன செய்வது? நியாயமான கவலை. இதற்கான பூட்டைக் கென்ட்டில் 2003லேயே காட்டியிருந்தார்கள். டிஎன்ஏவுக்குத் தேவையான தைமிடின் தயாரிக்க உதவும் மரபணுவை எடுத்துவிட்டு, அதே இடத்தில் இன்டர்லூகின் மரபணுவைப் பொருத்தினார்கள். தைமிடின் கிடைக்காத இடத்தில் அந்தப் பாக்டீரியா பெருக முடியாமல் செத்துவிடும்.