தசையைச் 'செயல்படுத்துவது' யார்?

கோலாலம்பூர் செந்தூலில் நான் போகும் ஜிம்மில் போன மாதம் சுவரில் ஒரு தாள் ஒட்டினார்கள். மேலே மலாய், கீழே தமிழ். 'ஹிப் திரஸ்ட்: பிட்டத் தசை செயல்படுத்தல் அதிகம். ஸ்குவாட்: செயல்படுத்தல் குறைவு.' ஹிப் திரஸ்ட் என்பது முதுகைப் பெஞ்சில் சாய்த்து, எடைக்கம்பியை இடுப்பால் மேலே தூக்கும் பயிற்சி; ஸ்குவாட் என்பது கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் பயிற்சி. தமிழுக்கு இடம் கொடுத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பக்கத்தில் நின்ற அக்கா அதைப் படித்துவிட்டு, "அப்போ ஸ்குவாட்ல நாமதான் தசையைச் சரியா செயல்படுத்தலையா தம்பி?" என்று கேட்டார். அவர் படித்தது சரி. எழுதியதுதான் தப்பு.

மூலச்சொல் ஆக்டிவேஷன். 'செய், செலுத்து' என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. மலாயில் பெங்அக்டிஃபான். அதை அப்படியே தமிழில் கொட்டினால் 'செயல்படுத்தல்'.

செயல்படு என்பது தன்வினை. செயல்படுத்து என்பது பிறவினை. திட்டத்தைச் செயல்படுத்தலாம், சிம் கார்டைச் செயல்படுத்தலாம். அங்கே செய்கிறவர் ஒருவர், செய்யப்படுவது வேறொன்று. அதோடு, செயல்படுத்திய சிம் கார்டு வேலை செய்யும், செயல்படுத்தாதது செய்யாது. நடுவில் எதுவும் இல்லை. தசை அப்படியா? தோலில் மின்முனைகளை ஒட்டி, தசையில் எழும் மின்குறியை இ.எம்.ஜி. கருவியில் பதிவு செய்கிறார்கள். அசையாமல் முழு மூச்சாக இறுக்கும்போது வரும் அளவை 100 என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பயிற்சியிலும் அதில் எத்தனை சதவீதம் வருகிறது என்று பார்க்கிறார்கள். 2015இல் பயிற்சி பெற்ற 13 பெண்களிடம் அளந்தபோது, பெரும்பிட்டத் தசையின் மேற்பகுதியில் சராசரியாக ஹிப் திரஸ்டில் 69.5 சதவீதம், ஸ்குவாட்டில் 29.4 சதவீதம். 29.4 என்பது குறைவுதான், ஆனால் சுழியம் அல்ல. 'என் பிட்டம் ஆன் ஆகவே இல்லை' என்று ஜிம்மில் பாதிப்பேர் கவலைப்படுவதற்கு இந்த 'செயல்படுத்தல்'தான் தீனி போடுகிறது.

சிலர் 'தசை இயக்கம்' என்பார்கள். அதுவும் ஒத்துவராது. ஹிப் திரஸ்டில் கம்பியை மேலே தூக்கி அப்படியே நிறுத்திப் பாருங்கள். உடம்பில் எதுவும் இயங்காது, பிட்டம் கல்லாக இறுகியிருக்கும். 'தூண்டல்' என்பதோ நரம்பின் வேலை. நாம் அளப்பது அதற்குத் தசை தரும் பதிலை.

அந்தப் பதிலுக்குத் தமிழில் சொல் இருக்கிறது: துலங்கல். தூண்டலுக்கேற்பத் துலங்குதல் என்று நம் தமிழ்ப்பள்ளி அறிவியலில் பிள்ளைகள் படிப்பதுதான். துலக்கினால் பாத்திரம் துலங்கும். ஒளி கூடலாம், குறையலாம். 'தசைத் துலங்கல் 29 சதவீதம்' என்றால் அளவு உடனே மனதில் நிற்கிறது. தசைதான் துலங்குகிறது, யாரும் அதைத் துலங்கப்படுத்த வேண்டியதில்லை.

துலங்கல் கூடினால் தசையும் அதே அளவு வளரும் என்று முடிவுகட்டவும் கூடாது. 2023இல் ஒன்பது வாரம் ஹிப் திரஸ்ட் செய்தவர்களையும் ஸ்குவாட் செய்தவர்களையும் ஒப்பிட்டார்கள். பிட்டத் தசை இரு குழுவிலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே வளர்ந்திருந்தது. 'செயல்படுத்தல்' என்று எழுதும்போது இந்த வேறுபாடு அப்படியே மறைந்துபோகிறது. செயல்படுத்திவிட்டோம், இனிப் பலன் வரும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

அதே தாளில் இன்னொரு வரி, தரையிலிருந்து எடையைத் தூக்கும் டெட்லிஃப்டுக்கு: 'இடுப்பை வளைக்கவும்'. இது எனக்கு இன்னும் பெரிய வருத்தம். மலாயில் பிங்காங் (விலாவுக்குக் கீழே உள்ள இடை) வேறு, பிங்குல் (தொடை சேரும் பகுதி) வேறு. நாம் இரண்டையும் இடுப்பு என்கிறோம். அப்படி எழுதினால் படிக்கிறவர் கீழ்முதுகைத்தான் வளைப்பார், அதுவும் கையில் எடையோடு. 'முதுகை நேராக வைத்து, தொடை சேரும் இடுப்பு மூட்டில் மடங்கவும்' என்று எழுத இன்னும் ஐந்தாறு சொல் கூடுதலாகும், அவ்வளவுதான். மொழிபெயர்க்கிறவர் ஒருமுறை தானே குனிந்து பார்த்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார்.

பயிற்சியாளரிடம் சொன்னேன். நீங்களே எழுதித் தாருங்கள் அண்ணே என்றார். எழுதிக் கொடுத்தேன்: 'ஹிப் திரஸ்டில் பிட்டத் தசையின் துலங்கல் கூடுதல். ஸ்குவாட்டிலும் அது துலங்கும்.' அக்கா படித்துவிட்டு, "சரி, அப்போ ரெண்டையும் செய்யலாம்" என்று ஸ்குவாட் கம்பிக்குப் போனார்.