தலைக்கு மேல் சுற்றுலா ஹெலிகொப்டர்: அனுமதியைக் கேட்டுப் பார்க்கும் உரிமை

வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ மாடி வீட்டில் இருக்கிறீர்கள். சுற்றுலாப் பயணிகளை ஏற்றிய ஹெலிகொப்டர் திரும்பத் திரும்ப மேலே போகிறது, பிள்ளை தூங்க முடியவில்லை. பொலிஸில் சொன்னால் மாநகர சபைக்குப் போகச் சொல்லலாம், மாநகர சபை வேறோர் இடத்தைக் காட்டலாம். அலைந்து களைப்பதற்கு முன்னால் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. அந்தப் பறப்புக்கு யார், என்ன நிபந்தனையில் அனுமதி கொடுத்தார்கள் என்பதை எழுத்தில் கேட்பதுதான் அது.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் இந்த உரிமையைத் தருகிறது. 2017 பெப்ரவரி 3 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. இலங்கைப் பிரஜை யாரும் கேட்கலாம். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினராவது பிரஜைகளாக இருந்தால் குடியிருப்பாளர் சங்கத்தின் பெயரிலும் கேட்கலாம். சங்கத்தின் பெயரில் அனுப்புவதே நல்லது என்பேன், தனி ஒருவர் மீது யாருடைய கோபமும் திரும்பாது. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது, பிரதிகளுக்கு மட்டும் செலவு வரலாம். தமிழிலேயே எழுதுங்கள். எழுத முடியாதவர் வாயால் சொன்னால், விண்ணப்பத்தைப் பெறும் அரச நிறுவனத்தின் தகவல் அலுவலர் அதை எழுதிக்கொள்ள வேண்டும்.

எங்கே கேட்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வானத்தில் நடப்பது சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் பொறுப்பு, அதன் தலைமையகம் கட்டுநாயக்கவில் இருக்கிறது. ஹெலிகொப்டர் இறங்கி ஏறும் காணி, கட்டடம் பற்றிய கேள்விகள் அந்தப் பகுதியின் மாநகர சபைக்கு உரியவை. தரையில் எழும் சத்தம் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் விடயம். 1996 இன் சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் மாநகர சபைப் பகுதிக்குப் பகலில் 63, இரவில் 50 டெசிபெல் என எல்லை வைத்துள்ளன. ஆனால் அந்த அளவு, சத்தம் எழும் காணியின் எல்லையில் எடுக்கப்படுவது. வீட்டுக்கு மேலே பறக்கும்போது வரும் சத்தத்துக்கு அதை நம்பியிருக்க முடியாது. அங்கே கேட்க வேண்டியது உயரத்தை.

உயரம் பற்றிய சர்வதேச விதி தெளிவானது. நெரிசலான நகரப் பகுதிக்கு மேலே, கண்ணால் பார்த்துப் பறக்கும் வானூர்தி, தன்னைச் சுற்றி 600 மீற்றருக்குள் இருக்கும் மிக உயர்ந்த தடையைவிட 300 மீற்றராவது மேலே இருக்க வேண்டும். சுமார் 350 மீற்றர் உயரமான தாமரைக் கோபுரத்துக்கு அருகே என்றால் கிட்டத்தட்ட 650 மீற்றர். விதிவிலக்கு இரண்டு: ஏறும்போதும் இறங்கும்போதும் தாழப் பறக்கலாம், அதிகாரியின் விசேட அனுமதி இருந்தாலும் பறக்கலாம். உங்கள் மாடி இறங்குதளத்துக்குப் பக்கத்தில் இல்லையென்றால் முதல் விதிவிலக்கு பொருந்தாது. அப்படியானால் அந்த விசேட அனுமதி கொடுக்கப்பட்டதா, கொடுத்தவர் யார், எதற்காக? இதுதான் கேள்வியின் உயிர்நாடி.

அதனால் "சத்தம் தாங்க முடியவில்லை" என்று எழுதாதீர்கள், அது முறைப்பாடு. ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: ஹெலிகொப்டரை இயக்கும் நிறுவனத்தின் வானூர்தி இயக்குநர் சான்றிதழும் (பறப்புச் சேவை நடத்துவதற்கான அனுமதிப் பத்திரம்) அதன் நிபந்தனைகளும், நகருக்கு மேலான சுற்றுலாப் பறப்புகளுக்கு விதிக்கப்பட்ட பாதை, நேரம், உயரம், மேலே சொன்ன உயர எல்லைக்குக் கீழே பறக்கக் கொடுத்த அனுமதிக் கடிதங்களின் பிரதி, கிடைத்த முறைப்பாடுகளின் மீது எடுத்த நடவடிக்கை. இதற்குள் ஒரு குறிப்பேட்டில் தேதியும் நேரமும் எழுதி வையுங்கள். பதிவு இலக்கத்தையும் பாருங்கள், இலங்கையில் பதிவான சிவில் வானூர்திகளில் அது 4ஆர் என்று தொடங்கும். நோயாளியை ஏற்றிப் போகும் பறப்பையும் சுற்றுலாப் பறப்பையும் பிரித்துக் காட்டுவது உங்கள் நியாயத்துக்குப் பலம்.

விண்ணப்பம் கொடுத்ததும் பற்றுச்சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தருவதென்றால் அடுத்த 14 நாட்களுக்குள் தகவல் வர வேண்டும், சில சந்தர்ப்பங்களில் மேலும் 21 நாட்கள் நீட்டலாம்.

"வர்த்தக இரகசியம்" என்று மறுக்கப் பார்க்கலாம். அந்த விதிவிலக்கு சட்டத்தில் உண்டுதான். ஆனால் பொதுமக்களின் நலன் பெரிதாக இருந்தால் அது தடையாகாது, மறைக்க வேண்டிய பகுதியை மட்டும் நீக்கிவிட்டு மீதியைத் தரவும் சட்டம் இடமளிக்கிறது. கட்டணப் பட்டியலை மறைக்கட்டும். ஆனால் பறக்கும் உயரம் வர்த்தக இரகசியம் என்பதை நான் ஏற்கவே மாட்டேன். அதன் கீழே மனிதர்கள் குடியிருக்கிறார்கள்.

மறுத்தாலும், பதிலே வராவிட்டாலும், 14 நாட்களுக்குள், நீங்கள் விண்ணப்பித்த அதே அரச நிறுவனத்தில் மேன்முறையீடுகளைக் கேட்கக் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யுங்கள். அவர் மூன்று வாரத்துக்குள் தீர்மானிக்க வேண்டும். அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

ஆவணம் கைக்கு வந்ததும் உங்கள் குறிப்பேட்டை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிபந்தனையை மீறியிருந்தால் அந்த நாட்களைக் குறிப்பிட்டு சிவில் விமான சேவைகள் அதிகார சபைக்கு முறைப்பாடு எழுதுங்கள். மீறல் இல்லை, நிபந்தனையே தளர்வாக இருக்கிறது என்றால், பறக்கும் நேரத்தையும் பாதையையும் மாற்றக் கேட்டு அதே சபைக்கு சங்கத்தின் பெயரில் எழுதி, பிரதியை உங்கள் பிரதேச செயலாளருக்கும் அனுப்புங்கள்.