கேப்பிடேஷன்: தலைவீத நிதி

கேப்பிடேஷன் என்றதும் கல்லூரியில் இடம் பிடிக்கக் கொடுக்கும் நன்கொடைதான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். பொதுச் சுகாதாரத்தில் அந்தச் சொல்லுக்குப் பொருளே வேறு. ஒரு குடும்ப மருத்துவரிடம் பெயர் பதிந்திருக்கும் ஒவ்வொருவருக்கும், அவர் வந்தாலும் வராவிட்டாலும், தலைக்கு இவ்வளவு என்று அரசோ காப்பீட்டு நிதியமோ அந்த மருத்துவருக்குத் தரும் தொகை அது.

வேர் லத்தீன். 'கபுட்' என்றால் தலை. ரோமப் பேரரசின் பிற்காலத்தில் 'கபிடாட்டியோ' என்பது தலைவரி. தலையை எண்ணி மக்களிடம் வாங்கிய பணத்தின் பெயர், பிறகு தலையை எண்ணி மக்களுக்காகக் கொடுக்கும் பணத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

மருத்துவத்தில் இந்த முறை வேரூன்றிய நாடுகளில் முக்கியமானது பிரிட்டன். 1911ஆம் ஆண்டின் தேசியக் காப்பீட்டுச் சட்டப்படி, 1913 முதல் தொழிலாளர்கள் 'பேனல்' மருத்துவரின், அதாவது அந்தக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவரின், பட்டியலில் பெயர் சேர்த்தார்கள். அவர்களுடைய மனைவி, பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை. 1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியபோதுதான் பட்டியல் எல்லோருக்கும் திறந்தது. குடும்ப மருத்துவர்கள் சம்பளக்காரர்களாக மாறவில்லை; ஒப்பந்த அடிப்படையில் தொடர்ந்தார்கள்.

மூட்டு வலிக்காக மாதம் இருமுறை வரும் பாட்டிக்கும், ஐந்து வருடமாக எட்டிப் பார்க்காத இளைஞருக்கும் ஒரே தொகை என்றால், பாட்டிமார் நிறைந்த பட்டியலை யார் விரும்புவார்? அதனால் வயது, பாலினம், நோய்ச்சுமை பார்த்துத் தொகையைக் கூட்டிக் குறைக்கிறார்கள். பிரிட்டனில் குடும்ப மருத்துவர்களுக்கான 2004 ஒப்பந்தத்தோடு வந்த கார்-ஹில் சூத்திரம் செய்வது இதைத்தான். வருகைக்கு இவ்வளவு என்று பணம் வாங்கும் முறையில், நோயாளி திரும்பத் திரும்ப வந்தால்தான் மருத்துவருக்கு வருமானம். தலைவீத முறையில், புகைப்பிடிப்பவரிடம் கால் மணி நேரம் உட்கார்ந்து பேசி அந்தப் பழக்கத்தை விடவைத்தால் மருத்துவருக்கு நட்டமில்லை. எனக்கு இந்த முறையில் பிடித்ததே இதுதான். ஆனால் வந்தவரை அவசரமாகப் பார்த்து அனுப்பிவிடும் ஆசைக்கும் இதில் இடமுண்டு. டென்மார்க்கில் தலைவீதத் தொகையையும் சேவைக் கட்டணத்தையும் கலந்து தருகிறார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'தலைவரி' பொருந்தாது, அது வாங்கும் பணம். 'தலைக்கட்டணம்' என்றால் நோயாளியே கட்டுவதுபோல் தொனிக்கிறது. கட்டணம் என்ற சொல் காதில் விழுந்தாலே கை பணப்பையைத் தேடுகிறது. இலவசமாகப் பார்க்க வேண்டியவர் வாசலோடு திரும்பிவிடக் கூடாது. பொதுப்பணம் என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். ஆகவே என் தேர்வு 'தலைவீத நிதி'. வண்டி வாடகையைப் பிரிக்கும்போது "தலைக்கு எவ்வளவு?" என்றுதானே கேட்கிறோம், அதனால் காதுக்கும் புதிதில்லை. வயதும் நோயும் பார்த்துக் கூட்டிக் குறைப்பதைத் 'தேவைக்கேற்ற தலைவீத நிதி' எனலாம். மருத்துவரிடம் இருக்கும் பெயர் வரிசைக்குப் 'பதிவுப் பட்டியல்' போதும்.